கருப்பைவாய்ப் புற்றுநோய்: மூலக்கூறு வழிமுறையும் உயிர்க்குறிப்பான்களும்

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ஏறத்தாழ எப்போதும் மனிதப் பாப்பிலோமா வைரஸே (எச்பிவி) காரணம். ஜெர்மன் அறிவியலாளர் ஹரால்ட் சுர் ஹாசனின் குழு 1983, 1984ஆம் ஆண்டுகளில் அதன் 16, 18ஆம் வகைகளைக் கட்டித் திசுவில் கண்டறிந்தது. 2008இல் அவர் நோபல் பரிசு பெற்றார். சுமார் 70 விழுக்காடு நோய்க்கு இவ்விரு வகைகளே பொறுப்பு.

தொற்றுகளில் பெரும்பாலானவை ஓரிரு ஆண்டுகளில் தாமே மறைகின்றன. நீடிப்பவற்றில் வைரஸின் டிஎன்ஏ பல நேரம் மனித மரபணுத்தொகுதிக்குள் செருகிக்கொள்கிறது. அப்போது இ2 மரபணு சிதைய, அது அடக்கிவைத்திருந்த இ6, இ7 புரதங்கள் பெருகுகின்றன. பழுதுற்ற செல்லைத் தடுத்து நிறுத்தும் பி53 புரதத்தை இ6 அழிக்கிறது. இதற்கு மாறாக, சினைப்பையின் உயர்தரச் சீரப் புற்றில் பி53 மரபணுவே பிறழ்ந்துவிடுகிறது. கருப்பைவாய்ப் புற்றிலோ அந்த மரபணு பெரும்பாலும் நலமாக இருக்க, புரதம் மட்டும் பறிபோகிறது.

செல் பிரிதலுக்குக் கடிவாளமான ஆர்பி புரதத்தை இ7 முடக்குகிறது. அதனால் பி16 புரதம் பயனின்றிச் செல்லில் குவிகிறது. அந்தக் குவிப்பே நோயறிவோருக்குத் துப்பு. பி16, செல் பெருக்கத்தைக் காட்டும் கேஐ-67 புரதம் ஆகிய இரண்டும் ஒரே செல்லில் சாயமேறினால் முற்புற்று மாற்றம் இருக்கலாம் என ஐயுறலாம். நோயை முன்கூட்டியே கண்டறியும் முதல்நிலைச் சோதனையாக எச்பிவி டிஎன்ஏ பரிசோதனையை உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. பொதுவாக இச்சோதனையை 30 வயதில் தொடங்கலாம்.