பெற்றோர் ஆசிரியர் கழக நிதி

பெற்றோர் ஆசிரியர் கழகம் பள்ளியின் நலனுக்காகப் பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து நடத்தும் இலாப நோக்கற்ற அமைப்பு; பேச்சில் பி.டி.ஏ. தமிழ்நாட்டில் இதன் மாநில அமைப்பு 1964இல் உருவானது. ஊரார் பள்ளிக்குக் கொடை தரும் வழக்கத்தை அதற்கு முன்பே பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் பரப்பியிருந்தன. நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறைக்குத் தலைமை தாங்கிய காலத்தில், 1958இல் கடம்பத்தூரில் தொடங்கியவை அவை.

விழுப்புரம்–புதுச்சேரி சாலையிலுள்ள ஒன்றியத் தலைமையிடமான கோலியனூர் போன்ற ஊர்களில் கழகத்தின் வரவு சிறியது: பெற்றோர் சந்தா, முன்னாள் மாணவர் நன்கொடை, ஆண்டு விழாவுக்குக் கடைக்காரர்கள் தருவது. பெற்றோருள் ஒருவர் தலைவர், தலைமை ஆசிரியர் செயலாளர். செலவுப் பட்டியலோ நீளம். துப்புரவாளர் கூலி, இரவுக் காவலர் சம்பளம், தண்ணீர் மோட்டார் பழுது, சுதந்திர தின மிட்டாய், பத்தாம் வகுப்பின் மாலை நேரப் படிப்புக்குச் சுண்டல். ஆசிரியர் பணியிடம் காலியானால் தற்காலிக ஆசிரியருக்குத் தொகுப்பூதியமும் பல இடங்களில் இதன் தலையில்தான் விழுந்தது. ஒரே ஒருவரை அமர்த்தினாலும் மற்றச் செலவுகள் ஆட்டம் காணும். 2022இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியரை நியமிக்க அரசு ஆணையிட்டபோது, இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 என அரசே ஊதியம் நிர்ணயித்தது.

மேலாண்மைக் குழு வேறு, கழகம் வேறு. முன்னது 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அமைவது. அந்தக் குழு வழியாக வரும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது; ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை கிடைக்கும். அந்தப் பணத்தையும் கழகப் பணத்தையும் ஒரே நோட்டில் எழுதினால் தணிக்கையில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

நன்கொடையைக் கட்டாயமாக்கக் கூடாது. பிள்ளையைச் சேர்ப்பதற்குப் பணம் கேட்பதைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடை செய்கிறது. ஆனால் சேர்க்கை மேசையிலேயே ரசீதுப் புத்தகமும் இருந்தால், கூலி வேலைக்குப் போகும் தாய் அதைக் கட்டணமாகவே எண்ணுவார். ரசீதை வேறொரு நாளில், பெற்றோர் கூட்டத்தில் போடுவதே நேர்மை.

2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் நிறுவனங்களின் கொடையையும் முன்னாள் மாணவரின் கொடையையும் அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுவருகிறது. வகுப்பறை கட்ட அது உதவும். காவலரின் மாதச் சம்பளம் போன்ற சில்லறைச் செலவுக்குக் கழகத்தின் கையிருப்புதான் கைகொடுக்கிறது.