உவர் வயலும் நெல்லும்

மட்டக்களப்பார் 'வேளாண்மை' என்றால் அது தொழிலின் பெயர் மட்டுமன்று. வயலில் நிற்கும் நெற்பயிரின் பெயரும் அதுவே. அவ்வேளாண்மையை வாழ்விப்பதும் வதைப்பதும் எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் நடுவே கிடக்கும் வாவிதான். வடகீழ்ப் பருவமழையின் வெள்ளம் அதை நன்னீராக்கும். வெள்ளம் மிஞ்சி வயலை மூழ்கடிக்கும்போது முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிடுவார்கள். மழை ஓய்ந்தபின் அதே வாயிலால் கடல் உள்ளே வரும். கோடையில் கரையோரக் கண்டங்களில் உவர் ஏறும்.

கோதுமை தாங்கும் உப்பில் ஏறத்தாழப் பாதிக்கே நெல் தளரத் தொடங்கிவிடும். அதிலும் ஒரு விந்தையை நாம் காண்கிறோம். முளைவிடும் விதை உப்பைப் பொறுக்கும்; இளநாற்றுப் பொறுக்காது; தூர்கட்டும் பயிர் மீண்டும் தேறும்; பூக்கும் தறுவாயில் உவர் ஏறினாலோ பதரே மிஞ்சும். உழுது, விதைத்து, களைபிடுங்கி, கடன் முழுதும் ஏறிய பின்னர் நேரும் இழப்பு அது. ஆகவே உவர்நிலத்து உழவன் ஏக்கருக்கு எத்தனை புசல் என்று முதலில் கேட்பதில்லை. எந்த ஆண்டும் கைவிடாத நெல் எது என்றே கேட்கிறான்.

அதற்கான விடை கொச்சிக் கரையில் இருந்தது. கடல்நீர் ஏறியிறங்கும் வயல்களில் மாரியில் நெல்லும் கோடையில் இறாலும் எடுக்கும் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணிய நெல் பொக்காளி. இலங்கையிலும் அதைப் பயிரிட்டுப் பார்த்தார்கள். 1949இல் 'ட்ரொப்பிக்கல் அக்ரிகல்ச்சரிஸ்ட்' இதழில் அதன் பெறுபேறு வெளிவந்தது. நெடிது வளர்ந்து சாயும் குறை அதற்கு உண்டு.

பின்னர் வந்தது உயர்விளைவின் காலம். 1950களின் இறுதியில் பத்தலகொடையில் உருவான எச்-4 நாடெங்கும் பரவிற்று. நல்ல நெல்தான், அதைப் பழிப்பது நம் நோக்கமன்று. நாம் ஐயுறுவது சராசரி என்னும் கணக்கை. நல்ல நிலத்தின் உயர்வு உவர்நிலத்தின் வீழ்ச்சியை அதில் மறைத்துவிடுகிறது. பல வட்டைகளில் வயலுடைய போடியாருக்கு ஒன்று பொய்த்தால் மற்றொன்று ஈடுசெய்யும். அவருக்குச் சராசரி மெய். வாவியோரத்தில் ஒரே கண்டத்தைக் குத்தகைக்குச் செய்பவனுக்கு ஏது சராசரி? 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அவனது குத்தகை உரிமையைப் பேசிற்று. அவன் நிலத்துக்கேற்ற விதையைப் பேசவில்லை.

பொக்காளியின் தாங்குதிறனைப் புதிய குட்டைநெல்லோடு சேர்த்து அம்பலாந்தோட்டை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஏ.ரி. 354 வெளியானது 1992இல். இடையே 43 ஆண்டுகள். விதை பிறந்துவிட்டது, ஆனால் கிழக்கில் அப்போது போர். அம்பலாந்தோட்டையிலிருந்து படுவான்கரைக்கு அது எந்தப் பாதையால் போயிருக்கும்?