கூரைமேல் ஒரு பிடில்காரரும் எங்கள் அப்பாவும்

"மலருக்கு ஏதாவது எழுதுடா" என்று நண்பர்கள் கேட்டபோதே, "இவன் அந்தப் பிடில் படத்தைப் பத்திதான் எழுதுவான் பாரு" என்று ஒருவன் சொல்லிவிட்டான். அவன் வாக்கு பலித்துவிட்டது. ஹாஸ்டலில் நான்கு வருஷம் என்னோடு இருந்த பாவத்துக்கு, அந்தப் படத்தின் பாட்டுகளை அவன் கேட்காத நாளே இல்லை!

நான் 2005-இல் மெக்கானிக்கல் பிரிவில் சேர்ந்து 2009-இல் வெளியே வந்தவன். 2007-இல் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, ஆங்கிலத் துறைப் பேராசிரியர் ஒருவர் வெள்ளிக்கிழமை மாலைகளில் செமினார் ஹாலில் படம் போடுவார். ஏ.சி.யில் மூன்று மணி நேரம் தூங்கலாம் என்றுதான் போய் உட்கார்ந்தேன். திரையில் ஓடியது 'ஃபிட்லர் ஆன் த ரூஃப்'. நான் தூங்கவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அதன் கதையும் வரலாறும்.

ஷோலம் அலைக்கெம் என்ற எழுத்தாளர் இத்திஷ் மொழியில் 1894-இல் தொடங்கி, இருபது வருஷ காலம் விட்டுவிட்டு எழுதிய கதைகள்தான் இதற்கு மூலம். ஜார் மன்னர் ஆண்ட ரஷ்யாவில் ஒரு சின்ன ஊர். அங்கே டெவ்யே என்ற ஏழை யூதப் பால்காரர். வீடு நிறையப் பெண் பிள்ளைகள். மூத்தவள் தரகர் கொண்டுவந்த பணக்கார மாப்பிள்ளையை மறுத்து, ஏழைத் தையல்காரனைக் கட்டிக்கொள்கிறாள். அடுத்தவள் புரட்சி பேசும் மாணவனை நம்பி சைபீரியா வரை போகிறாள். மூன்றாமவள் ஹாவா, கிறிஸ்தவப் பையனை மணக்கிறாள். முதல் இரண்டுக்கும் வளைந்து கொடுத்த அப்பா மூன்றாவதில் உடைந்து போகிறார். "எனக்கு இப்படி ஒரு பொண்ணே இல்லை" என்று தலை முழுகிவிடுகிறார்.

இதை ஜோசப் ஸ்டைன் நாடகமாக எழுத, ஜெர்ரி பாக் இசையமைக்க, ஷெல்டன் ஹார்னிக் பாட்டு எழுதினார். இயக்கமும் நடன அமைப்பும் ஜெரோம் ராபின்ஸ். "இந்த நாடகம் எதைப் பற்றியது?" என்று ராபின்ஸ் அவர்களை விடாமல் நச்சரித்தாராம். பால்காரரும் பெண்களும் என்ற பதில் அவருக்குப் போதவில்லை. ஒரு சமூகத்தின் பழைய வழக்கங்கள் கண்ணெதிரே கரைந்து போவதைப் பற்றியது என்ற விடை பிறகுதான் கிடைத்தது. அதிலிருந்து பிறந்ததுதான் முதல் பாட்டு. பிராஜெக்ட் வேலை செய்கிற தம்பி தங்கைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கேள்வி தெளிவானால்தான் டிசைன் நிற்கும்!

1964 செப்டம்பர் 22 அன்று நியூயார்க் இம்பீரியல் தியேட்டரில் நாடகம் அரங்கேறியது. டெவ்யேயாக நடித்தவர் ஜீரோ மோஸ்டெல். 1965-இல் ஒன்பது டோனி விருதுகள். 1972-இல் நிறுத்தும்போது 3,242 காட்சிகள் முடிந்திருந்தன. பிராட்வேயில் 3,000-ஐத் தாண்டிய முதல் இசை நாடகம் அதுதான். 1967-இல் டோக்கியோவிலும் போட்டார்கள். "இது இவ்வளவு ஜப்பானியத்தனமாக இருக்கிறதே, அமெரிக்காக்காரர்களுக்கு எப்படிப் புரிந்தது?" என்று அங்கே ஒருவர் தன்னிடம் கேட்டதாக ஸ்டைன் சொல்லியிருக்கிறார். எங்கள் செமினார் ஹாலில் பக்கத்து சீட்காரன், "மச்சி, இது எங்க ஊருடா" என்றான். இரண்டும் ஒன்றுதான்.

படம் 1971-இல் வந்தது. இயக்குநர் நார்மன் ஜூவிசன். பெயரைப் பார்த்து யூதர் என்று நினைத்துத்தான் ஸ்டுடியோக்காரர்கள் கூப்பிட்டார்களோ என்று சந்தேகப்பட்டு, "நான் யூதன் இல்லையே!" என்று முதலிலேயே சொல்லிவிட்டாராம். மோஸ்டெலை விட்டுவிட்டு, லண்டன் மேடையில் நடித்த டோபோலை அவர் தேர்ந்தெடுத்தார். யுகோஸ்லாவியாவில் படப்பிடிப்பு நடந்தபோது, ஐந்து பெண்களுக்கு அப்பாவாக நடித்த டோபோலுக்கு வயது வெறும் 35! ஒளிப்பதிவாளர் ஆஸ்வால்ட் மோரிஸ், மண்ணின் பழுப்பு நிறம் வருவதற்காகப் பெண்கள் காலில் அணியும் ஸ்டாக்கிங் துணியை லென்ஸுக்கு முன்னால் கட்டிப் படம் பிடித்தார். அதற்கு ஆஸ்கர் கிடைத்தது. பிடில் வாசித்தவர் மேதை ஐசக் ஸ்டெர்ன்.

மேடையா படமா என்று கேட்டால், இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். 2019-இல் கம்பெனி வேலையாக லண்டன் போனபோது, பிளேஹவுஸ் தியேட்டரில் ட்ரெவர் நன் இயக்கிய நாடகத்தைப் பார்த்தேன். படத்தில் வயலும் வானமும் பனியும் இருக்கின்றன. மேடையில் அதெல்லாம் கிடையாது. ஆனால் அப்பா பெண்ணை விட்டு முகத்தைத் திருப்பும்போது, அந்த மூச்சுச் சத்தம் நம் சீட் வரைக்கும் வருகிறது.

ஊரையே காலி செய்யச் சொல்லி அரசு உத்தரவு வந்த பிறகு, ஹாவா கணவனோடு விடை பெற வருகிறாள். அப்பா நிமிர்ந்து பார்ப்பதில்லை. வண்டியில் மூட்டை கட்டிக்கொண்டே, மூத்த மகளிடம் முணுமுணுப்பாக ஒரு ஆசீர்வாதத்தை எடுத்துக் கொடுக்கிறார். அவள் அதைத் தங்கைக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்கிறாள். மூலக்கதையில் ஹாவா கணவனை விட்டுவிட்டு அப்பாவிடமே திரும்பி வருகிறாள். நாடகக்காரர்கள் அவளைக் கணவனிடமிருந்து பிரிக்கவில்லை. அப்பாவையும் முழுசாக மாற்றிவிடவில்லை. கதவைக் கொஞ்சமாகத் திறந்து வைத்தார்கள், அவ்வளவுதான்.

நான் தூங்காமல் இருந்ததற்குக் காரணம் இந்தக் காட்சிதான். அதே 2007 தொடக்கத்தில் எங்கள் அக்கா வேறு மதத்துப் பையனை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். அப்பா மளிகைக் கடையை மூன்று நாள் திறக்கவில்லை. நான்காம் நாள் திறந்தார். அக்கா பெயரை மட்டும் அதன்பின் எடுக்கவே இல்லை. ஹாஸ்டலில் நான் இதை யாரிடமும் சொன்னதில்லை. அன்று படம் முடிந்து லைட் போட்டபோது, என் முகத்தைப் பார்த்த ரூம்மேட் எதுவும் கேட்காமல் டீ வாங்கிக் கொடுத்தான். அன்றிரவுதான் அக்காவுக்கு முதல் தடவையாகப் போன் செய்தேன்.

2009-இல் படிப்பு முடிந்து வீட்டுக்குப் போனபோது, லேப்டாப்பில் அப்பாவுக்கு இந்தப் படத்தைப் போட்டேன். வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்த வண்டிக் காட்சி வந்ததும் "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்து போனவர், படம் முடிகிற வரை திரும்பவில்லை. மறுநாள் நான் வேலையில் சேரக் கிளம்பினேன். அக்கா இருந்த ஊரில்தான் வேலை. அப்பா தராசைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "எலுமிச்சங்கா ஊறுகா ரெண்டு பாட்டில் வச்சிருக்கேன். உனக்கு ஒண்ணு போதும்" என்றார்.

இன்னொன்று யாருக்கு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அக்கா வீட்டுப் படியை அவர் மிதிக்க இன்னும் மூன்று வருஷம் ஆனது. படம் பார்த்து மனம் மாறினார் என்று கதை விடமாட்டேன். ஆனால் அந்த ஊறுகாய் பாட்டிலை என்னால் புரிந்துகொள்ள முடிந்ததே, அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது நம் கல்லூரி செமினார் ஹால்தான்.

தம்பி தங்கைகளே, தூங்குவதற்காகவாவது அங்கே போய் உட்காருங்கள்.