ஹிஜ்ரி 1113: கடலடியில் ஓர் ஆண்டு

மூழ்கிய கப்பல்கள் மனிதனை எக்காலமும் ஈர்த்தே வந்துள்ளன. புதையல் ஆசை மட்டும் அதற்குக் காரணமல்ல. கரையில் ஒரு பட்டினம் அழிந்தால் அதன் மேல் இன்னொன்று எழும்பிவிடும். பல தலைமுறைகளின் பொருட்கள் ஒன்றாய்க் கலந்துவிடும். கப்பலோ தான் அமிழ்ந்த அந்த ஒரே நாளைப் பொத்தி வைத்திருக்கிறது.

எமது தென்கிழக்குக் கரையில், கிரிந்தவுக்கு அப்பால் பெரிய பாசஸ் பாறைத்தொடர் உள்ளது. 1873இல் கட்டிமுடிக்கப்பட்ட வெளிச்சவீடு இன்றும் அங்கு நிற்கிறது. 1961 மார்ச்சில் மைக் வில்சன் என்ற சுழியோடி இரு அமெரிக்கச் சிறுவர்களுடன் அங்கு படம்பிடிக்கச் சென்றார். கண்ணில் பட்டவை சிறு பித்தளைப் பீரங்கிகளும் வெள்ளி நாணயங்களும். சாக்கு உக்கிப்போன பின்னும் சாக்கின் வடிவிலேயே ஆயிரம் ஆயிரமாக ஒட்டி இறுகிக் கிடந்தன அந்நாணயங்கள். 1963இல் பீட்டர் த்ரொக்மோர்டன் என்ற கடலடித் தொல்லியலாளரும் அங்கு மூழ்கி ஆராய்ந்தார். வில்சனின் நண்பர் ஆதர் சி. கிளார்க் 1964இல் இதை நூலாக எழுதியதும் கதை உலகறிந்ததாயிற்று.

அவை சூரத் நாணயசாலையில் ஔரங்கசீப் ஆலம்கீரின் பெயரில் வார்க்கப்பட்ட ரூபாய்கள். பொறித்திருந்த ஆண்டு ஹிஜ்ரி 1113, அதாவது கி.பி. 1701 - 1702. பாரசீக வாசகம் புரியாவிட்டாலும், குர்ஆன் மத்ரஸாவில் எண் படித்த எங்கள் ஊர்ப் பிள்ளையால் அந்த ஆண்டை வாசித்துவிட முடியும். நாணயங்களில் கலிமா இல்லை. கைக்குக் கை மாறும் காசில் அது அவமதிப்புக்குள்ளாகலாம் என்று அஞ்சி, ஔரங்கசீப் அதைப் பொறிக்கும் வழக்கத்தை முன்னரே நிறுத்தியிருந்தார்.

இவ்விடத்தில்தான் நாம் நிதானிக்க வேண்டும். இந்நாட்டில் எமது வேர் எவ்வளவு பழையது என்று கேட்கப்படும்போதெல்லாம், கிடைத்ததையெல்லாம் எமதென்று அணைத்துக்கொள்ளும் ஆசை எழுகிறது. சூரத் ஹஜ்ஜாஜிகளின் துறைமுகம். பெரும் முஸ்லிம் வணிகர்களின் நகரம். ஆனால் ஆங்கிலேய, ஒல்லாந்தக் கம்பனிகளும் அங்கு வெள்ளியைக் கொடுத்து ரூபாய் வார்ப்பித்தன. காசில் அரபெழுத்து இருப்பதால் கப்பலும் முஸ்லிமுடையதென்று முடிவுகட்ட இயலாது. ஆராய்ந்தவர்களுக்கு அதன் பெயர் கிட்டவில்லை. ஆயினும் ஒன்றைத் துணிந்து சொல்லலாம்: பல மதத்தவரும் பல தேசத்தவரும் கலந்து வாணிபம் செய்த இக்கடலில், நம்பிக்கையுடன் கைமாறிய காசில் ஹிஜ்ரி ஆண்டு இருந்தது. இது சிறிய உண்மைதான். எவராலும் மறுக்க முடியாத உண்மை.

வகுப்பில் இதைச் சொன்னபோது அந்த வெள்ளி எவ்வளவு பெறும் என்றே பலரும் கேட்டார்கள். பின்வாங்கில் ஒரு மாணவி மட்டும், "அதுல போன ஆக்களுக்கு என்ன நடந்த சேர்?" என்றாள். வரலாறு தொடங்குவது அக்கேள்வியில்தான். ரூபாய்க்கு ஊரும் ஆண்டும் உண்டு. மாலுமிக்கோ பெயர்கூட மிஞ்சவில்லை.

அதே தென்கரையில், அம்பாந்தோட்டைக்கு அண்மையிலுள்ள கொடவாயவில், சுமார் 2000 ஆண்டுப் பழைமையான கப்பலொன்றும் கிடக்கிறது. முப்பது மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் அதைக் கண்டவர்கள் சங்கு குளிக்கும் உள்ளூர்ச் சுழியோடிகள். அங்கே வெள்ளி இல்லை. கண்ணாடிக் கட்டிகள், இரும்பு, அரைகற்கள் போன்ற சரக்குகளே இருந்தன. அதனால் அது சாகசக் கதையாகவில்லை. எனினும் 2012 முதல் தொல்லியலாளர் முறையாக அளந்து பதிந்த அச்சரக்குகள், இந்து சமுத்திரத்தின் பண்டைய வாணிபத்தைப் பற்றிச் சொல்வது அதிகம்.

கடலடிக் கப்பல் ஒருமுறைதான் வாசிக்கக்கூடிய ஏடு. ஒரு பொருளை அதன் இடம் குறிக்காமல் பிடுங்கினால் ஒரு வரி அழிகிறது. அவ்வேட்டில் எமது பெயரைத் தேடுவதில் தவறில்லை. இல்லாத இடத்தில் அதை எழுதிவைக்காமலிருப்பதே எமது வரலாற்றுக்கு நாம் செய்யும் மரியாதை.