சக்கர நட்டு: எவ்வளவு இறுக்கினால் சரி?

பெருநாளுக்கு ஊருக்குப் புறப்படும் முன் டயர் மாற்றிக்கொள்வது நம்மில் பலரின் வழக்கம். கடையில் காற்றுத் துப்பாக்கி ‘டர்ர்ர்’ என்று ஓடி நின்றதும், வேலை முடிந்தது என்று சாவியை வாங்கிக்கொள்கிறோம். நட்டு போதிய அளவு இறுகியதா, தேவைக்கு மேல் இறுகிவிட்டதா என்பதை அந்தச் சத்தம் சொல்லாது.

போல்ட்டை ஆணியைப் போல நினைப்பதுதான் முதல் தவறு. அது உண்மையில் மிகக் கெட்டியான ஒரு ஸ்பிரிங். நட்டைத் திருகும்போது போல்ட் இழுபட்டு நீள்கிறது. உடனே பழைய நீளத்துக்குச் சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் ரிம்மை ஹப்போடு சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. அழுத்தம் குறைந்தால் ரிம் மெல்ல அசையத் தொடங்கும். பிறகு நட்டு தானே கழலும், அல்லது போல்ட் திரும்பத் திரும்ப வளைந்து ஒருநாள் முறியும்.

நாம் கொடுக்கும் திருகு விசை வேறு, போல்ட்டில் ஏறும் இழுவிசை வேறு. டார்க் ரெஞ்ச் காட்டுவது முதலாவதை. நமக்குத் தேவையோ இரண்டாவது. திருகு விசையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு, மரையிலும் நட்டின் அடியிலும் உள்ள உராய்வுக்கே போய்விடுகிறது. மிச்சமுள்ள ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கிறது. உராய்வு கொஞ்சம் மாறினாலும் கணக்கு தலைகீழாகிவிடும்.

பல சிறிய கார்களில் 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்குச் சுமார் 100 நியூட்டன் மீட்டர் என்பதே அளவு. உங்கள் காருக்குரிய எண் கையேட்டில் இருக்கும். மரை காய்ந்த நிலையில், இந்த 100-க்கு ஒவ்வொரு போல்ட்டும் ஏறக்குறைய 4 டன் விசையோடு ரிம்மைப் பிடிக்கும். அதே மரையில் எண்ணெய் தடவி அதே 100-க்கு இறுக்கினால் இழுவிசை ஐந்தரை டன்னைத் தொட்டுவிடும். அடுத்த முறை கழற்ற எளிதாக இருக்கும் என்று கிரீஸ் பூசுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கையேடு சொல்லாதவரை எண்ணெயோ கிரீஸோ வேண்டாம். துருப்பிடித்த மரையில் நடப்பது இதற்கு நேர்மாறு: ரெஞ்ச் ‘கிளிக்’ என்று சொல்லும், ஆனால் போல்ட்டில் போதிய இழுவிசை இருக்காது. கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்துவிட்டு இறுக்குங்கள்.

ஸ்பேனர் மீது ஏறி நிற்பவர்களையும் பார்க்கிறோம். 70 கிலோ எடையுள்ளவர் 30 சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் நின்றால் 200 நியூட்டன் மீட்டரைத் தாண்டிவிடும். அதாவது தேவையைப் போல இரு மடங்கு. எல்லை மீறி இழுபட்ட போல்ட் மறுபடி சுருங்காது. பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும்.

டயர் மாற்றிய பின் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மீண்டும் இறுக்கிப் பார்க்கச் சொல்வது வியாபாரத் தந்திரம் அல்ல. சரியாக இறுகிய சக்கர போல்ட் நீள்வது ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன் அளவுதான். ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையில் சிக்கிய துருவோ பெயிண்டோ ஓட்டத்தில் நசுங்கி அந்த அளவு குறைந்தாலே போதும், பிடிப்பு பெரும்பாலும் போய்விடும். லாரி, பஸ் சக்கரங்களில் நட்டுக்கு நட்டு மாட்டியிருக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் முட்களைக் கவனித்திருப்பீர்கள். நட்டு கொஞ்சம் திரும்பினாலும் முள்ளின் திசை மாறி, ஓட்டுநருக்குக் காட்டிக்கொடுக்கும்.

முதலில் கையால் எல்லா நட்டுகளையும் ஓட்டிவிட்டு, எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். ஐந்து நட்டு என்றால் நட்சத்திரம் வரைவதைப் போல. கடைசி இறுக்கம் காரை ஜேக்கிலிருந்து இறக்கிய பிறகுதான். ஸ்போர்ட் ரிம் மாற்றினால் நட்டின் அடிப்பாகத்தையும் பாருங்கள். ஹோண்டாவின் ஒரிஜினல் நட்டுக்கு அடி உருண்டை. கடையில் விற்கும் பல ரிம்களுக்குக் கூம்பு வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் எந்த ரெஞ்சாலும் பயனில்லை.

வழியில் சக்கரப் பக்கம் ‘டக் டக்’ சத்தமோ, புதிதாக ஓர் அதிர்வோ தெரிந்தால், வேகத்தைக் குறைத்துப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திப் பாருங்கள். நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தால் அது தளர்ந்திருக்கக்கூடும்.

டார்க் ரெஞ்ச் வாங்கியவர்களுக்கு ஒன்று: ‘கிளிக்’ கேட்டதும் நிறுத்துங்கள், உறுதிக்காக இன்னொரு இழு வேண்டாம். நட்டைக் கழற்றவும் அதைப் பயன்படுத்தாதீர்கள். வேலை முடிந்ததும் அளவைக் கீழ் எண்ணுக்குத் திருப்பிப் பெட்டியில் வையுங்கள்.