மணவாளக்குறிச்சி மணலும் உள் இடைநிலைத் தனிமங்களும்

மோனசைட் என்பது லாந்தனைடுகளின் முக்கியத் தாது என்று மாணவர்கள் மனப்பாடம் செய்வதுண்டு. அந்தத் தாது கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணலோடு கலந்து கிடக்கிறது.

1909-இல், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர் கண்டறிந்தார். மணவாளக்குறிச்சி அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அவர் தேடியது மோனசைட்டில் உள்ள தோரியத்தை. கல்யாண வீடுகளிலும் திருவிழாக்களிலும் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டில், 99 சதவீதம் தோரியம் ஆக்சைடும் 1 சதவீதம் சீரியம் ஆக்சைடும் கொண்டது. இக்கலவையைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரியாவின் வெல்ஸ்பாக். ஓர் ஆக்டினைடும் ஒரு லாந்தனைடும் சேர்ந்து தந்த வெளிச்சம் அது. முதல் உலகப் போர் வந்ததும் மணல் தொழில் ஜெர்மானியரிடமிருந்து பிரிட்டிஷ் கம்பெனியின் கைக்குப் போனது.

மின்விளக்கு பரவியபின் தோரியத்துக்கு மதிப்புக் குறைந்து, அதே மணலின் இல்மனைட் முன்னுக்கு வந்தது. இல்மனைட்டிலிருந்து கிடைக்கும் டைட்டானியம் டைஆக்சைடு வெள்ளைப் பெயின்டுக்கு உதவுகிறது. இதிலுள்ள டைட்டானியத்தின் ஆக்சிஜனேற்ற நிலை +4. டி எலக்ட்ரானே இல்லை. அதனால் டி-டி மாற்றம் நிகழாது, சேர்மம் வெண்மையாக இருக்கிறது.

தாதுக்களைப் பிரிக்கும் முறைதான் தேர்வுக்குப் படிப்பவர் கவனிக்க வேண்டியது. மோனசைட், குவார்ட்சைவிட ஏறக்குறைய இருமடங்கு அடர்த்தியானது. எனவே முதலில் நீரோட்டத்தில் இலேசான மணல் கழுவப்படுகிறது. பிறகு காந்தம். இரும்பு கொண்ட இல்மனைட் எளிதில் ஈர்க்கப்படும். மோனசைட்டை ஈர்க்க வலுவான காந்தம் தேவை. அதன் பாராகாந்தத் தன்மைக்குக் காரணம் சீரியம், நியோடிமியம் அயனிகளின் இணையாத 4எஃப் எலக்ட்ரான்கள். சிர்க்கானும் ரூடைலும் காந்தத்தில் ஒட்டுவதில்லை. பாடத்தில் ஒரு மதிப்பெண் வினாவாக வரும் விஷயம், இங்கே ஆலையை நடத்துகிறது.

மோனசைட்டிலுள்ள லாந்தனைடுகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது கடினம். லாந்தனத்திலிருந்து லுட்டீசியம் வரை பதினான்கு படிகளில் மூவிணைய அயனியின் ஆரம் சுமார் 103 பிகோமீட்டரிலிருந்து 86 ஆக மட்டுமே குறைகிறது. சீரியம் மட்டும் +4 நிலைக்குப் போகக்கூடியதால் சற்று எளிதாகப் பிரியும். இதே லாந்தனைடு குறுக்கத்தால் சிர்கோனியமும் ஹாஃப்னியமும் அளவில் இரட்டையர்போல் ஆகிவிட்டன. சிர்க்கான் மணலில் ஹாஃப்னியம் மறைந்திருந்து, 1923-இல்தான் உலகுக்குத் தெரிந்தது.

அணு யுகம் தோரியத்துக்கு மறுபடி மதிப்பைத் தந்தது. தோரியம்-232 நேரடியாகப் பிளவுறாது. நியூட்ரானை ஏற்று, இடையில் இருமுறை பீட்டாச் சிதைவுற்று, யுரேனியம்-233 ஆகும். 1950-இல் இந்திய அரிய மணல் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1952-இல் ஆலுவாவில் மோனசைட் ஆலை திறக்கப்பட்டது. கன்னியாகுமரி 1956-இல் தமிழ்நாட்டோடு இணைந்தது. கல்பாக்கத்தின் காமினி உலை, யுரேனியம்-233 எரிபொருளுடன் 1996-இல் இயங்கத் தொடங்கியது.

கடற்கரை ஊர்களின் கணக்கோ வேறு. மணலை அள்ளினால் கரை அரிக்கும், கதிர்வீச்சு நோய் தரும் என்ற அச்சம் அங்கே நெடுநாளாக உண்டு. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தை மீனவர்களும் ஊர் மக்களும் 2024-இல் எதிர்த்தனர். கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது.