தாலியும் எச்சிலும் தெருவும்

மனிதன் சொற்களால் மட்டும் பேசுவதில்லை. நெற்றியில் இடும் குறியாலும், கழுத்தில் அணியும் கயிற்றாலும், இறந்தவரைச் சுமந்து செல்லும் வழியாலும் அவன் பேசுகிறான். சொற்களுக்கு அகராதி உண்டு; இக்குறிகளுக்கு அகராதி இல்லை. ஓரிடத்தில் மங்கலமாக விளங்குவது இன்னோரிடத்தில் இழிவாகத் தோன்றும். எனவே ஒரு மக்கள் கூட்டத்தின் அடையாளங்களையும் வழக்கங்களையும் பற்றித் தீர்ப்புக் கூற முற்படுகிறவர், அவை யாரிடம், யாரைப் பற்றி, என்ன சொல்லுகின்றன என்று முதலில் கேட்டாக வேண்டும். இக்கேள்வியைத் திருச்சபையின் வரலாற்றோடு சேர்த்துச் சிந்திப்பதற்குக் கள்ளக்குறிச்சிப் பகுதி நமக்குப் பெரிதும் துணைசெய்கிறது.

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து 2019ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் தனி மாவட்டமாகத் தொடங்கி வைக்கப்பெற்ற கள்ளக்குறிச்சி, மேற்கே கல்வராயன் மலையையும் கிழக்கே உளுந்தூர்பேட்டைச் சமவெளியையும் தன்னுள் கொண்டது. மலைமேல் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். சமவெளியில் கூவாகத்துக் கூத்தாண்டவர் கோவில் இருக்கிறது. அதே சமவெளியில் எறையூர் என்னும் பழைமையான கத்தோலிக்க ஊரும் இருக்கிறது. ஒரு பெயர், ஒரு கயிறு, ஒரு தெரு என மூன்று அடையாளங்களை இம்மூன்று இடங்களும் நம் முன் வைக்கின்றன.

முதலில் பெயர். 'மலையாளி' என்ற சொல்லைக் கேட்டவுடன் கேரளத்தவரை நினைப்பது நகர மக்களின் இயல்பு. கல்வராயன் மலை மலையாளிகளோ தமிழ் பேசுபவர்கள்; மலையை ஆள்பவர் என்பதே தங்கள் பெயரின் பொருள் என்று கொள்பவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து தம் முன்னோரான அண்ணன் தம்பியர் புறப்பட்டு வந்து, வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பது தலைமுறை தலைமுறையாக அவர்கள் சொல்லி வரும் கதை. சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை ஆகியவற்றில் வாழும் மலையாளிகளும் இக்கதையைச் சிற்சில மாற்றங்களுடன் சொல்லுகின்றனர். இதை வரலாற்றுச் சான்றாக ஏற்கலாமா என்று ஆய்வாளர்கள் வாதிடலாம். நமக்கு வேண்டியது, அக்கதை அம்மக்களுக்கு என்ன செய்தது என்பது. கல்வராயன் மலை நெடுங்காலம் சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்ற பெயர்களால் அறியப்பட்ட மூன்று ஜாகீர்களின் கீழ் இருந்தது. நாடு விடுதலை அடைந்த பின்னரும் நீடித்த அம்முறை, 1963ஆம் ஆண்டின் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகும் உடனே மறையாமல், 1976இல்தான் முடிவுக்கு வந்தது. உழுத நிலத்துக்கு உரிமைப் பத்திரம் இல்லாதிருந்த அத்தகைய காலத்தில், 'நாங்கள் வேரும் உறவும் உடையவர்கள்' என்று அவர்களுக்காகப் பேசியது அந்தக் கதை. அதை வெறும் கட்டுக்கதை என்று தள்ளுகிறவர், ஓர் இனத்தின் தன்மதிப்பையும் சேர்த்தே தள்ளுகிறார்.

இனிக் கயிறு. சித்திரைத் திங்களில் கூவாகத்தில் 18 நாள் விழா நடைபெறுகிறது. பாரதப் போரில் பாண்டவர் வெற்றிக்காகக் களப்பலியான அரவானே இங்குக் கூத்தாண்டவர். அரவானின் களப்பலி 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே இடம்பெறுகிறது. மணமாகாமல் இறக்கப் போகிறவனுக்குக் கண்ணன் மோகினி வடிவெடுத்து மனைவியானான் என்பது மக்கள் வழக்கில் உள்ள கதை. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வரும் திருநங்கையர் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்கின்றனர். நேர்ச்சை செய்துகொண்ட சுற்றுவட்டார ஆண்களும் அவ்வாறே கட்டிக்கொள்வதுண்டு என்பது வெளியூரார் பலர் அறியாத செய்தி. மறுநாள் அரவான் களப்பலியானதும் தாலி அறுபடுகிறது, வளையல்கள் உடைகின்றன, வெள்ளைப் புடவை உடுத்தி ஒப்பாரி எழுகிறது.

செய்தித்தாள்கள் இதனை ஆண்டுதோறும் வேடிக்கையாகப் படம்பிடித்துக் காட்டியதுண்டு. ஆயினும் பெற்ற வீட்டாலும் பிறந்த ஊராலும் தள்ளப்பட்ட ஒருவர், ஒரே ஒரு நாள் மணமகளாகவும் மறுநாள் கைம்பெண்ணாகவும் ஊரறிய நிற்பதன் பொருளை நாம் எண்ணிப் பார்க்க வேண்டாமா? 'நானும் ஒருவருக்கு உரியவள். எனக்கும் அழ உரிமை உண்டு' என்று அந்தக் கயிறு சொல்லுகிறது. அரசும் நீதிமன்றமும் இக்குரலைக் கேட்கத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். தமிழக அரசு 2008இல் திருநங்கையருக்கென நல வாரியம் அமைத்தது. உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று மூன்றாம் பாலினத்தவரின் உரிமையை உறுதிசெய்தது. திருமணம் பற்றிய திருச்சபையின் போதனை நாம் அறிந்ததே. ஆனால் கடவுளின் சாயலில் படைக்கப்பட்ட ஒருவரின் கண்ணீரை மதிப்பதற்கு எந்தப் போதனையும் தடையாக இல்லை. இன்னொன்றையும் அந்த விழா நமக்குக் காட்டுகிறது. கூவாகத்தில் ஒரு நாளில் நடந்து முடியும் தாலியறுப்பும் வளையல் உடைப்பும், நம் இல்லங்களில் கணவனை இழந்த பெண்களின் வாழ்நாள் முழுவதையும் நிழலாகத் தொடர்வதில்லையா?

இதே தாலி நம் திருச்சபையின் வரலாற்றிலும் பெரும் புயலைக் கிளப்பியது. திருத்தந்தையின் தூதராகக் கிழக்கு நாடுகளுக்கு அனுப்பப்பட்ட முதுபெரும் தந்தை துர்னோன், 1703 நவம்பரில் புதுச்சேரியில் வந்து இறங்கினார். தமிழ்க் கிறிஸ்தவர்களின் வழக்கங்களைப் பற்றி விசாரித்து, 1704 சூன் 23 நாளிட்ட ஆணையொன்றைப் பிறப்பித்தார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைக் கிறிஸ்தவப் பெண்கள் அணியலாகாது. மஞ்சள் தோய்த்த 108 இழைக் கயிறு கூடாது. வேண்டுமெனில் சிலுவையோ, ஆண்டவரின் அல்லது அன்னை மரியாவின் உருவமோ பொறித்த தாலியை அணியலாம் என்றது அவ்வாணை. மணவிழாவில் தேங்காய் உடைப்பதும், பெண் பூப்பெய்துவதைப் பொதுவில் கொண்டாடுவதும் தடைசெய்யப்பட்டன. இன்று நம் அன்னையரின் கழுத்தில் சிலுவைத் தாலியைக் காணும்போது, அந்தச் சிறு பொன் துண்டின் பின்னால் இத்தகைய வழக்கொன்று நடந்ததை நாம் நினைப்பதில்லை.

அதே ஆணையில் இன்னொரு பிரிவு வியப்பைத் தருவது. அக்காலத் திருமுழுக்குச் சடங்கில் குரு தம் எச்சிலைத் தொட்டுக் குழந்தையின் காதிலும் மூக்கிலும் வைப்பார். காது கேளாதவரை இயேசு குணமாக்கிய நிகழ்ச்சியை (மாற்கு 7:33) நினைவூட்டும் அருள்மிகு செயல் அது. தமிழருக்கோ எச்சில் என்பது தீட்டு. பிறர் எச்சில் படுவது அருவருப்பு. ஆகவே மறைப்பணியாளர்கள் அச்செயலை விட்டுவிட்டனர். விடக் கூடாது என்றார் துர்னோன். உரோமையில் குணமளிக்கும் குறியாக இருந்தது தமிழகத்தில் அவமதிக்கும் குறியாகிவிட்டதை அவர் உணரவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1969இல் வெளிவந்த குழந்தைகள் திருமுழுக்குச் சடங்கு முறையில் எச்சில் இல்லை. குரு விரலால் காதையும் வாயையும் தொட்டால் போதும். செயல் மாறியும் பொருள் நிலைத்தது.

துர்னோனுக்கு முன்பே இவ்வழக்கு எழுந்திருந்தது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி அடிகளார், பூணூல், குடுமி, சந்தனம், நீராட்டு ஆகியவை சமயக் குறிகள் அல்ல, சமூக நிலையைக் காட்டும் குறிகளே என்று வாதாடினார். திருத்தந்தை 15ஆம் கிரகோரியார் 1623 சனவரி 31 அன்று அவற்றை நிபந்தனைகளுடன் அனுமதித்தார். உரோமையராக மாறாமலேயே ஒருவர் கிறிஸ்தவராகலாம் என்ற பேருண்மையை நம் மண்ணில் நாட்டியவர் நோபிலி. அவருக்கு நாம் என்றும் கடன்பட்டிருக்கிறோம்.

ஆயினும் அந்த வாதத்தின் மறுபக்கத்தையும் நாம் நோக்க வேண்டும். ஒரு குறி சிலை வழிபாட்டைச் சார்ந்ததா, இல்லையா என்பதே அன்று கேட்கப்பட்ட கேள்வி. சாராதது என்று கண்டதும், 'இது வெறும் சமூக வழக்கம்' என்று அதற்கு வாயில் திறந்துவிட்டார்கள். அக்குறியால் யார் தாழ்த்தப்படுகிறார் என்ற கேள்வி பின்தள்ளப்பட்டது. பூணூல் மேலே இருப்பவரைக் காட்டுகிறது என்றால், கீழே இருப்பவரையும் அதுவே காட்டுகிறது அல்லவா? சமூக வழக்கம் என்ற பெயரால் உள்ளே வந்தது நூல் மட்டுமன்று, சாதியும் வந்தது.

துர்னோனின் ஆணையிலேயே ஒரே ஒரு பிரிவு இந்த மறந்துபோன கேள்வியைத் தொட்டது. பறையர் எனக் குறிக்கப்பட்ட மக்கள் நோயுற்றால், குருக்கள் அவர்கள் இல்லங்களுக்கே சென்று அருளடையாளங்களை வழங்க வேண்டும் என்று அது வற்புறுத்தியது. எச்சிலைப் பற்றித் தமிழரின் உள்ளத்தைப் புரிந்துகொள்ளாத அதே மனிதர், இங்கு நற்செய்தியின் உள்ளத்தைப் புரிந்துகொண்டார். இதற்குத் தீர்வு 1744ஆம் ஆண்டுத் திருத்தந்தை 14ஆம் பெனடிக்டின் மடல் வழியாக வந்தது: அம்மக்களுக்கென்றே தனி மறைப்பணியாளர்கள் ஒதுக்கப்பட்டனர். குடிசையில் கிடந்த நோயாளிக்கு நற்கருணை கிடைத்தது. அதைக் கொண்டுவந்த கைகளும் தனியாகப் பிரிக்கப்பட்டன. மறைப்பணியாளர்கள் இவ்வழக்கங்களைப் பற்றி எடுக்க வேண்டியிருந்த உறுதிமொழி 1940இல் நீக்கப்பட்டது. வழக்கு ஓய்ந்தது. ஆனால் பிரிவினை அதனோடு ஓயவில்லை. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆலயத்துக்குள்ளேயே சாதியைப் பிரித்து நின்ற சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. கல் சுவரை இடிப்பது எளிது. கண்ணுக்குத் தெரியாத சுவரை எங்கே இடிப்பது?

இக்கேள்வி நம்மை எறையூர்த் தெருவுக்குக் கொண்டு வருகிறது. ஒரே ஆண்டவரை வணங்கும் ஊரில், தலித் கிறிஸ்தவர்களுக்குக் கல்லறை தனி. அவர்களது இறுதி ஊர்வலம் ஊரின் முக்கியத் தெரு வழியே செல்லக் கூடாது என்பது வழக்கம். சம உரிமை கேட்டும், தங்கள் சகாய அன்னை ஆலயத்தைத் தனிப் பங்காக்கக் கேட்டும் அவர்கள் போராடினர். 2008 மார்ச் 9 அன்று வன்முறை மூண்டது. தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் எதிர்த் தரப்பைச் சேர்ந்த இருவர் உயிரிழந்தனர். தெருவில் சிலை எதுவும் இல்லை. அதில் எந்தச் சமயத்தின் சாயலும் இல்லை. 1623இன் அளவுகோலால் அளந்தால் அது வெறும் சமூக வழக்கமே. ஆனால் அந்தத் தெரு என்ன சொல்லிற்று? 'உன் பிணம் கூட என் வாசலைக் கடக்கலாகாது' என்று சொல்லிற்று. சிலுவைக் குறி வரைந்த பெட்டியை மறிக்கும் வழக்கம், பிள்ளையார் பொறித்த தாலியைவிட நற்செய்திக்கு நெருக்கமானதா?

புதுவை-கடலூர், சென்னை-மயிலை, மதுரை உயர்மறைமாவட்டங்களைச் சார்ந்த ஆயர்களை 2003 நவம்பர் 17 அன்று சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவரிடையே காணப்படும் சாதி வேற்றுமையை உண்மையான மனித ஒருமைப்பாட்டுக்கு எதிரான அடையாளம் என்று குறிப்பிட்டார். அவர் தேர்ந்த சொல்லைக் கவனிப்போம். வேற்றுமையைக் குற்றம் என்று மட்டும் கூறாமல், அடையாளம் என்றார். ஏனெனில் அதுவும் பேசுகிறது. நாம் பலிபீடத்தில் அறிவிப்பதை நம் தெரு மறுத்துப் பேசுகிறது. இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களின் ஆற்றல்பேறு குறித்த கொள்கையை வெளியிட்டபோது, இக்கொடுமை திருச்சபைக்குள்ளும் நிலவுவதை மறைக்காமல் ஏற்றது. அந்த ஏட்டுக் கொள்கை ஒவ்வொரு பங்கின் தெருவுக்கும் இறங்கி வர வேண்டியுள்ளது.

தூய பவுலடிகளார் கொரிந்து நகரத்தாரிடம் கேட்டதும் இதுவே (1 கொரிந்தியர் 11). அவர்களது விருந்தில் அப்பமும் இரசமும் முறையாகவே இருந்தன. ஆனால் சிலர் பசித்திருக்கச் சிலர் உண்டு களித்தனர். இல்லாதவர் வெட்கத்துக்கு உள்ளாயினர். எனவே அது ஆண்டவரின் விருந்தே அன்று என்று அடிகளார் துணிந்து கூறினார். அனைத்திலும் உயர்ந்த அடையாளமாகிய நற்கருணைக்கே இந்த அளவுகோல் என்றால், தாலிக்கும் தேருக்கும் தெருவுக்கும் வேறு அளவுகோல் ஏது?

பண்பாட்டுமயமாதல் பற்றி நம் மேடைகளில் நிறையப் பேசுகிறோம். குத்துவிளக்கும் ஆரத்தியும் வழிபாட்டில் வந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. தமிழ் மண்ணின் குறிகளால் தமிழன் இறைவனைப் போற்றுவது அவன் உரிமை. ஆயினும் ஒரு வழக்கத்தை ஏற்கும்போது, அது நம் மண்ணுக்கு உரியதா என்று கேட்பதோடு, அதனால் நம்மில் ஒருவர் தலைகுனிகிறாரா என்றும் கேட்போம். தேர்த் திருவிழாவில் தேர் எந்தத் தெருவில் நின்றுவிடுகிறது, திருமணத்தில் கைம்பெண்ணான தாய் ஏன் பின்னே ஒதுங்குகிறாள், கல்லறைத் தோட்டத்தில் வேலி எதற்கு என்று நம் பங்குப் பேரவையில் ஒருவர் எழுந்து கேட்கட்டும். அவருக்கு 'அது வழக்கம்' என்று மறுமொழி சொல்லி அமர்த்திவிடாமல், அந்த வழக்கம் யாரை அழவைக்கிறது என்று கேட்கும் பொறுமையை நாம் வளர்த்துக்கொள்வோமாக.